கேட்டுக்கொண்டே இருந்த ஸ்டெல்லா மாமிக்கு

என் பிரியமான மாமி,

நீங்கள் போய் ஆறாவது மாதம் நடக்கிறது. சிட்லபாக்கத்தில் மழை ஆரம்பித்துவிட்டது. ஏரி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. போன வாரம் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து உங்கள் பிள்ளை சீலன் இன்வெர்ட்டரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். தண்ணீர் வரவில்லை. இன்வெர்ட்டர் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது, நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்கு மாலையே அது கீழே இறங்கியிருக்கும்.

உங்கள் அறையை மரியாவுக்குக் கொடுத்துவிட்டோம். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணுக்குக் கதவு வேண்டுமாம். காதில் எப்போதும் ஒரு இயர்போன். "பாட்டி இருந்தா இதைப் பிடுங்கி வீசியிருப்பாங்க" என்று சொன்னேன். "பாட்டிக்கு ஏன் இது பிடிக்காது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

உங்களைப் பற்றிச் சர்ச் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிப் போதகர் கேட்டார். "அம்மா சென்ட்ரல் கவர்மெண்ட்ல இருந்தாங்க, இல்லையா? எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார். சீலன் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். அடக்க ஆராதனைத் தாளில் "மத்திய அரசுப் பணி (ஓய்வு)" என்றுதான் போட்டிருந்தோம். முப்பத்து நாலு வருஷம் நாலு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் கட்டுரையை விட்டுவிட்டு உங்களுக்கே இந்தக் கடிதம்.

பயப்படாதீர்கள். நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் இதில் ஒரு வரியும் இருக்காது. எந்த அலுவலகம், யாருக்கு மேல் யார், எதுவும் எனக்குத் தெரியாது. உளவுத் துறையில் இருந்தீர்கள். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் பேசுகிறவர்களின் தமிழைக் கேட்டு எழுதினீர்கள். அவ்வளவுதான் தெரியும். ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "ஒட்டுக் கேக்கிறது தப்புன்னு ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பேன். திங்கக்கிழமை போய் அதையே வேலையா செய்வேன்." நான் சிரித்ததும், "நான் போனப்புறம் வேணும்னா யார்கிட்டயாவது சொல்லிக்கோ. இப்ப வேண்டாம்" என்றீர்கள். அந்த அனுமதியை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் நாம் சந்தித்ததைச் சொல்லவேண்டும். குரோம்பேட்டை கண்ணாடிக் கடையில் நான் கண் பரிசோதித்துக்கொண்டிருந்த காலம். சீலன் ஒரு வாரம் முன்புதான் என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறார், அதாவது என் பேர் ஜெசிந்தா, வேலை இந்தக் கடையில் என்ற அளவில். நீங்கள் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் சாதாரண வாடிக்கையாளராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நீலக் காட்டன் புடவை, தோளில் கறுப்புக் கைப்பை. எனக்கு நீங்கள் யாரென்று தெரியாது. கண்ணாடிச் சட்டத்தை உங்கள் மூக்கில் மாட்டி, லென்ஸ் மாற்றி, "அடுத்த வரியை வாசிங்கோ" என்றேன்.

என்னை அறியாமல் வாயிலிருந்து வந்த சொல். கடையில் நான் எப்போதும் "படிங்க" என்றுதான் சொல்வேன்.

"நீங்க மன்னார் பக்கமா?" என்று கேட்டீர்கள். யாழ்ப்பாணமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். சிலோனா என்று கேட்டவர்கள் நிறைய. மன்னார் என்று ஊரைக் குறித்துக் கேட்டவர் அன்றுவரை ஒருவரும் இல்லை.

"இல்லைங்க, ராமநாதபுரம்" என்றேன். அந்த நாட்களில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அகதி என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள், வேலை கொடுக்க யோசிப்பார்கள். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு படகேறி வந்தவள் நான். முகாமில் கொஞ்சகாலம், பிறகு அப்பாவுக்குப் பம்மலில் ஒரு லேத் பட்டறையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். வீட்டுக்கு வெளியே எப்படிப் பேசவேண்டும் என்று நானே கற்றுக்கொண்டேன். நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த வரியை வாசித்தீர்கள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சீலனிடம், "அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு பொய் சொன்னா. ஏன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்களாம். அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் விழித்துக்கொண்டு நிற்க, நீங்களே சொன்னீர்களாம்: "பயத்துல சொன்ன பொய். அதுக்கு நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா இனிமே நடக்கப்போறதுக்கு நீ தயாரா இரு."

நடந்தது என்னவென்று எங்களுக்குப் பத்து நாளில் தெரிந்தது. சட்டையை இன் பண்ணின இரண்டு பேர் பம்மலில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். முனைக் கடையில் விசாரித்தார்கள், வீட்டுக்காரரிடம் விசாரித்தார்கள், கடைசியில் அப்பாவின் முன்னால் உட்கார்ந்து கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், இப்போது எங்கே என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதைதான் அப்பாவை அதிகமாகப் பயமுறுத்தியது. அவர்கள் போனதும் வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து, "இன்னா ஜெசி, யாரு அவுங்க? எதுனா பேஜாரா? எங்களுக்கும் பொண்ணு பிள்ளை கீது" என்றார். நல்ல மனுஷிதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அப்பா அன்று பட்டறைக்குப் போகவில்லை. "இந்தக் கலியாணம் வேண்டாம் பிள்ளை" என்றார். "ஒருத்தற்ற கண்ணிலயும் படாம இருந்தபடியாத்தான் இவ்வளவு காலமும் இருந்தனாங்கள். அந்தப் பெடியன் நல்லவன், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா இப்ப எங்கட பேரை எழுதிக்கொண்டு போட்டாங்கள்." சீலனுக்குப் போன் பண்ணி, இனிமேல் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு லென்ஸ் வைக்கிற அறைக்குள் போய் நின்று அழுதது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். ஆராதனை முடிந்து நேராக ஷேர் ஆட்டோ பிடித்து, கையில் பைபிளோடு, சீலனுக்குக்கூடச் சொல்லாமல். கதவைத் திறந்த நான், நீலப் புடவை வாடிக்கையாளர் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து ஒன்றும் புரியாமல் நின்றேன்.

"நான் ஸ்டெல்லா. சீலனோட அம்மா" என்றீர்கள்.

அப்பா எழுந்து, "வாங்கோ, இருங்கோ" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நீங்கள் உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள்.

"அண்ணா, இங்க ரெண்டு பேர் வந்து விசாரிச்சாங்களே, அதுக்குக் காரணம் நான்தான். நான் வேலை பாக்கிற இடத்துல, வீட்டுக்கு யாரு புதுசா உறவா வந்தாலும் எழுதிக் குடுக்கணும். உங்க பொண்ணு பேரு, உங்க பேரு, எங்கேருந்து வந்தீங்க, எல்லாம் எழுதிக் குடுத்தேன். மறைச்சிருக்கலாம். மறைச்சு நாளைக்கு வெளிய வந்தா என்னை விட உங்களுக்குத்தான் கஷ்டம். அதான் மறைக்கல."

"அப்பிடி என்ன வேலை?"

"கேக்கிற வேலை. உங்க பக்கத்து ஆளுங்க ரேடியோவுல பேசிக்கிறதைக் கேட்டு எழுதற வேலை. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. என் பையனுக்கே இது முழுசா தெரியாது. வெளி ஆள்ல உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

அப்பா எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து உங்களைப் போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படி நினைத்துத்தான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்களாம், பிற்பாடு சொன்னீர்கள்.

அவர் வந்து தரையில், உங்கள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு தம்பி. யூட் எண்டு பேர்" என்றார். "அடுத்த படகில வாறன் எண்டு கரையில நிண்டவன். வரேல்ல. பிறகு இயக்கத்துக்குப் போனான், அங்க வோக்கி டோக்கியில செய்தி சொல்லுறவன் எண்டு ஒராள் சொன்னவர். கடலோட போனான் எண்டு இன்னொராள் சொன்னவர். சின்னனில இருந்தே அவனுக்கு 'ர', 'ற' வராது. 'ல' எண்டுதான் சொல்லுவான். 'வாறன்' எண்டா 'வாலன்' எண்டுவான். நீங்கள் கேட்ட குரலுகளில அப்பிடி ஒரு குரல் எப்பவாவது…"

அப்பா அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாமி. மற்றவர்கள் கண்ணுக்குள் பார்ப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. கைப்பையின் கொக்கியை ஒருமுறை திறந்து மூடினீர்கள். அது மட்டும்தான்.

"அதுக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லைண்ணா" என்றீர்கள். "கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன், கேக்காட்டியும் இதைத்தான் சொல்லுவேன். நீங்க என்னை மன்னிக்கணும்."

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அப்பா தரையில் கையை ஊன்றி எழுந்து, "தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டார்.

"ம். சீனி கொஞ்சமா போதும்."

இந்த ஊரில் யாரும் "சீனி" என்று சொல்லமாட்டார்கள், சர்க்கரை என்றுதான் சொல்வார்கள். நீங்கள் வேண்டுமென்று சொன்னீர்களா, இருபது வருஷம் காதில் விழுந்த சொல் தானாக வந்துவிட்டதா? அப்பாவின் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, "நேர வந்து சொன்னனீங்கள். எங்களுக்கு இதுவரை ஒருத்தரும் நேர வந்து ஒண்டும் சொன்னதில்லை" என்றார். என் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான்.

உங்கள் புராட்டஸ்டன்ட் சர்ச்சில் கல்யாணம். நான் மாறவேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கத்தோலிக்கப் பழக்கத்தில் "கோயிலுக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் எதிர்வீட்டு டீச்சர் எந்தக் கோயில், என்ன விசேஷம் என்று கேட்பார். உங்களை எங்கள் ஊர் வழக்கத்தில் "மாமி" என்று கூப்பிட்டதும் அவருக்கு இன்னும் குழப்பம். "நீங்க கிறிஸ்டியன்ஸ்தானே, அப்புறம் எப்படி மாமி?" என்று உங்களையே கேட்டாராம். "அது அவ ஊர் மாமி, வேற பிராண்டு" என்று சொல்லி அனுப்பினீர்கள்.

உங்கள் காதோடு குடித்தனம் நடத்துவது லேசான விஷயம் இல்லை. சீலன் போனில் "ஆபீஸ்லதான் இருக்கேன்" என்றால், "தாம்பரம் ஸ்டேஷன் ரெண்டாவது பிளாட்பாரத்துல ஆபீஸ் வெச்சிருக்கானா?" என்பீர்கள். தெருவில் கீரை விற்கிற அம்மாவிடம், "தொண்டை கட்டியிருக்கு, இன்னைக்குக் கூவாத, பெல் அடி, வர்றோம்" என்பீர்கள். குழந்தையாக இருந்த மரியா அழுதால் பசியா, தூக்கமா, நடிப்பா என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவீர்கள். நடிப்பு என்று நீங்கள் சொன்ன ஒருநாளும் அது தப்பாகப் போனதில்லை.

கல்யாணமான நாலாவது மாதம் நீங்கள் ஐந்தரை மணிக்கே வீட்டுக்கு வர ஆரம்பித்தீர்கள். அதுவரை ஷிஃப்ட் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருந்தவர். "லைப்ரரி மாதிரி ஒரு செக்ஷன் குடுத்திருக்காங்க. ஃபைலை அடுக்கணும், அவ்வளவுதான். நிம்மதி" என்றீர்கள். நானும் பதவி உயர்வு என்று நினைத்துப் பாயசம் வைத்தேன். நீங்கள் இரண்டு கிண்ணம் குடித்தீர்கள்.

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று புரியப் பல வருஷம் ஆனது. நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு நாம் தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடப்போமே, அப்படி ஒருநாள் கேட்டேன்.

"மாமி, உங்களை அந்த வேலையில இருந்து மாத்தினது என்னாலயா?"

"ஆமா" என்றீர்கள். உடனே, கொஞ்சமும் யோசிக்காமல். நாலு அடி நடந்த பிறகு, "உன்னால இல்ல. நான் எழுதிக் குடுத்ததால. எழுதும்போதே தெரியும். வீட்டுல அந்தப் பக்கத்து உறவு வந்தா அந்த நாற்காலியில உக்கார முடியாது. அது ரூல், அவங்களைத் தப்பு சொல்ல முடியாது" என்றீர்கள்.

"வருத்தமா இல்லையா?"

"முதல் ரெண்டு வருஷம் காது சும்மா இருக்க மாட்டேன்னுச்சு. ஃபைல் ரூம்ல ஃபேன் சத்தத்துல கூட யாரோ பேசற மாதிரி இருக்கும்." பிறகு நீங்களாகவே சொன்னீர்கள், அதற்கு முன்னும் பின்னும் இப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை: "ஒருத்தர் இருந்தார். பேர் தெரியாது. தினம் எல்லா விஷயமும் பேசி முடிச்சிட்டு, பிள்ளை சாப்பிட்டுதா, பிள்ளை சாப்பிட்டுதான்னு கேப்பார். அந்தப் பக்கம் சொல்ற பதில் அவருக்குச் சரியா விழாது. எனக்கு ரெண்டு பக்கமும் நல்லா கேக்கும். சாப்பிட்டுச்சு, தூங்கிடுச்சுன்னு சொல்றாங்க. அவர் திரும்பத் திரும்ப கேட்டுட்டே இருப்பார். எனக்குத் தெரியும், நான் சொல்ல முடியாது. இருபது வருஷம் கேட்டேன் ஜெசி, ஒரு தடவைகூட ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்ல."

அந்தத் தைரியத்தில்தான் நான் அடுத்ததைக் கேட்டேன். மனதில் அத்தனை வருஷம் ஊறிக் கிடந்த கோபம் அது. "அப்படின்னா எங்க அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நீங்கள் பதில் சொல்ல ஏரியில் கால் சுற்று ஆனது. "அவருக்குச் சொன்னா, அவரை மாதிரி காத்துட்டு இருக்கிற எல்லாருக்கும் சொல்லணும். முடியுமா?"

"அவர் எல்லாரும் இல்லை மாமி. நம்ம அப்பா."

"அதான் கஷ்டம்" என்றீர்கள்.

ஆனால் நீங்களும் அப்பாவும் எப்படி அத்தனை சிநேகிதமானீர்கள்? எனக்கு இன்றுவரை ஆச்சரியம். வியாழக்கிழமை தவறாமல் அவர் பம்மலில் இருந்து பஸ் மாறி வருவார். கையில் ஒரு பொட்டலம் கருவாடு இருக்கும். நீங்கள் "அண்ணா" என்பீர்கள், அவர் "தங்கச்சி" என்பார். மன்னாரில் எந்த மீனுக்கு என்ன பெயர், எந்தக் காற்றுக்கு என்ன பெயர் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். சில சொற்களை அவர் சொல்லும் முன்பே நீங்கள் சொல்லிவிடுவீர்கள், அப்பா தொடையில் தட்டிச் சிரிப்பார். அத்தனை காலம் காதால் மட்டும் கேட்ட தமிழோடு ஆசைதீரப் பேசுவதற்கு உங்களுக்கு எங்கள் அப்பா கிடைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு யார் கிடைத்தார்? ஊரை விட்டு வந்த பிறகு அவர் பேச்சை அத்தனை கவனமாகக் கேட்ட இன்னொருவர் இல்லை. மகளாகிய நான்கூட இல்லை. நான் அந்தப் பேச்சை மறைப்பதிலேயே இருந்தேன்.

யூட் சித்தப்பாவின் பெயரை அந்த வியாழக்கிழமைகளில் அவர் ஒருமுறையும் எடுத்ததில்லை. நான் கவனித்திருக்கிறேன். உங்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று இருந்தார்.

கடைசி மூன்று வருஷம் உங்கள் காது மந்தமானது. மெஷின் வைத்தபோது நான்தான் அழுதேன். நீங்கள், "விடு, அதுவும் ரிட்டயர் ஆகட்டும்" என்றீர்கள். அதன் பிறகு நிமோனியா, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். அந்தப் பன்னிரண்டு நாளை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பிற்பகலை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா ஊன்றுகோலோடு வந்திருந்தார். நீங்கள் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் தள்ளிவிட்டு, "ஜெசி, கீழ கேன்டீன்ல போய் அண்ணாவுக்குக் காபி வாங்கிட்டு வா. மெதுவா வா" என்றீர்கள். அந்த "மெதுவா வா" எனக்குப் புரிந்தது. கேன்டீனில் காபி வாங்கி, அது ஆறி, இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தபோது அப்பா உங்கள் வாயருகே குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். அப்பாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. உங்கள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். காபியை வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு" என்றார். பஸ்ஸில் வீடு வரைக்கும் என் கையை விடவில்லை.

நீங்கள் மறுநாள் விடிந்ததும் போய்விட்டீர்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பம்மலுக்குப் போனேன். கேட்டுவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா சொன்னார்: "கேக்காதை பிள்ளை. உன்ர மாமி எனக்கு ஒரு விசயம் சொன்னவ. அது என்னோட இருக்கட்டும்."

அப்படியென்றால் சொன்னீர்களா, மாமி? காலமெல்லாம் காத்த வாக்கைக் கடைசி நாளில் ஒரு மனுஷனுக்காக மீறினீர்களா? அல்லது, அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லை அண்ணா என்பதைத்தான் சொன்னீர்களா? அல்லது இந்த இரண்டும் இல்லாமல், வேறு ஏதாவதா? முன்பு உங்கள் ரகசியத்தை நீங்கள் வைத்திருந்தீர்கள். இப்போது அதைப் பாதுகாக்கிறவர் எங்கள் அப்பா. கடையில் ஒருவரோடும் பேசாமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்கிற சில மத்தியானங்களில் இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது.

இந்த மாதம் கல்லறைத் திருநாள் வந்தது. உங்கள் கல்லறையைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்தோம். மழைத் தூறல். அப்பாவும் வந்திருந்தார். ஒன்று சொல்லவேண்டும், மாமி. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் அப்பா, என் அம்மாவுக்கு மட்டும்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீட்டில் ஜெபம் சொல்வார். யூட் சித்தப்பாவுக்கு ஒருநாளும் ஏற்றியதில்லை. சின்ன வயதில் நான் ஏன் என்று கேட்டதற்கு, "உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் கல்லறைத் திரி ஏத்துவினமோ?" என்று கோபமாகக் கேட்டார்.

இந்த முறை அம்மாவின் கல்லறையில் ஒன்று ஏற்றிவிட்டு உங்களிடம் வந்தார். சீலனிடம் குடையைப் பிடிக்கச் சொன்னார். பையிலிருந்து இரண்டு மெழுகுவர்த்தி எடுத்தார். ஒன்றை உங்கள் தலைமாட்டில் நட்டார். இன்னொன்றை அதற்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தள்ளி நட்டார். காற்றில் இரண்டாவது அணைந்து அணைந்து போனது. நாலு தடவை பொறுமையாக ஏற்றினார். அது நின்று எரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆறுதலா இரு தம்பி" என்றார். அவ்வளவு மெல்லச் சொன்னார். உங்களுக்குக் கேட்டிருக்கும்.

மரியா என் கையை இழுத்து, "இன்னொண்ணு யாருக்கும்மா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் காதில் இயர்போன் இல்லை. அங்கேயே, ஈர மண்ணில் நின்றுகொண்டு, யூட் சித்தப்பாவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னேன். உங்களைப் பற்றியும் சொன்னேன், நீங்கள் அனுமதித்த அளவுக்கு. அவள் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள்.

மாமி, நான் அப்பாவிடம் கேட்கமாட்டேன். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். வியாழக்கிழமைகளில் நான் பம்மலுக்குப் போகிறேன். அவர் பேசுவார், நான் கேட்பேன், அவர் சொல்வதை மட்டும் கேட்பேன். அவருக்குப் பிறகு அந்த இரண்டு மெழுகுவர்த்தியையும் உங்கள் இடத்தில் வருஷாவருஷம் நான் ஏற்றுவேன். காற்று அடித்தால் திரும்ப ஏற்றுவேன்.

உங்களை நேராக வாசலில் வந்து நின்றவராகவே நினைத்திருக்கும்,
உங்கள் மருமகள்,
ஜெசிந்தா